எந்தத் தண்ணீர் மீன், எத்தனை நாளைக்கு? கிழக்குக் கரையின் மீன் எச்சரிக்கைகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி காலை, அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே ஏறக்குறைய 38 கடல்மைல் தூரத்தில் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. குவைத்தில் 270,000 தொன் சுத்திகரிக்காத மசகு எண்ணெயை ஏற்றிக்கொண்டு இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. கப்பலில் இருந்த 23 பேரில் ஒருவர் இறந்துபோனார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் சேர்ந்து அணைத்த தீ மறுபடியும் மூண்டு, முழுதாக அடங்க 9ஆம் திகதி ஆனது.

நல்லகாலம், மசகு எண்ணெய்த் தொட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலில் கலந்தது கப்பல் தன் ஓட்டத்துக்கு வைத்திருந்த எரிபொருளில் ஒரு பங்கு. அது கப்பலுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் நீளத்துக்குப் படலமாக மிதந்தது. கடலியல் படித்தவர்கள், சட்டத்தரணிகள், காப்புறுதிக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் கப்பலைப் பற்றி எழுத நிறைய இருந்தது. இந்த ஆய்வு கப்பலைப் பற்றியது அல்ல. இப்படியொன்று நடந்தால் பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு வரை சந்தைகளில் எழும் கேள்வி ஒன்றே ஒன்று: "இப்ப மீன் தின்னலாமா?" அதற்குக் கிடைக்கிற பதிலைப் பற்றியது.

"மீன் நல்லமா காக்கா (அண்ணே)? கப்பல் எண்ணெய் கலந்ததாமே" என்று கேட்டால், "அது எங்கயோ, இது கரைவலை மீன்" என்பார் வியாபாரி. விற்க வந்தவர் வேறு என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டு ஆள் கோழிக்கடைப் பக்கம் போய்விடுவார். வேடிக்கை என்னவென்றால், வியாபாரி சொன்னது சரி. ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் அவர் அல்ல.

ஏன் சரி என்று பார்ப்போம். கரைவலை வளைப்பது கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள். கப்பலில் தீப்பிடித்தது ஏறக்குறைய 70 கிலோமீற்றருக்கு அப்பால். செப்டெம்பரில் இந்தக் கரையில் அடிப்பது கச்சான். அது தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று, மேலே மிதப்பதைக் கரைக்குக் கொண்டுவருகிற காற்று அல்ல. அப்புறம் மீனின் உடம்பு இருக்கிறது. எண்ணெயில் உள்ள நஞ்சுகளில் பெரும்பங்கை மீன் தன் ஈரலில் உடைத்துப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். சில நாள்கள், அல்லது சில கிழமைகள் ஆகும். மட்டியாலும் சிப்பியாலும் அது அவ்வளவு முடியாது. அவை ஒரே இடத்தில் கிடந்து தண்ணீரை வடித்துத் தின்பவை, எண்ணெய் வந்தால் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே எண்ணெய் கரைக்கு வந்திருந்தால்கூட முதலில் நிறுத்தவேண்டியது மட்டி பொறுக்குவதை, சூடையையும் கீரி மீனையும் அல்ல.

இத்தனையையும் நான்கு வரியில் எழுதி ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒட்டலாம். "கரைவலை மீனை வாங்கலாம். எண்ணெய் மிதக்கும் பக்கம் வலை போடவேண்டாம். வலையில் எண்ணெய் பட்டால் அந்த வலைப்பாட்டில் கிடைத்த மீனைக் கரைக்குக் கொண்டுவரவேண்டாம். அடுத்த அறிவிப்பு இன்ன நாள்." அவ்வளவுதான் வேண்டியது.

அதை யார் எழுதுவது என்று தேடினால் ஒருவர் அல்ல, ஆறேழு பேர் வருகிறார்கள். கடல் மாசடைந்தால் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை. தண்ணீரையும் மீனையும் ஆராய ‘நாரா’ எனப்படும் தேசிய நீரியல்வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகம். மீன்பிடியை நிறுத்தவும் திறக்கவும் கடற்றொழில் திணைக்களம். வாவியில் வந்து விழும் கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும் உள்ளூராட்சி மன்றமும். சந்தைக்கு வந்துவிட்ட மீனைத் தடுக்க, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ், சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். எல்லாரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், சந்தைக்குப் போகிறவருக்கு ஒரு முழு வசனம் வந்து சேராது. கடலைப் பற்றிச் சொல்பவர் மீனைப் பற்றிச் சொல்வதில்லை. மீனைப் பற்றிச் சொல்பவருக்குக் கறியைப் பற்றிப் பேச அதிகாரமில்லை. அந்த இடைவெளியை வட்ஸ்அப் நிரப்பிவிடும்.

இந்தக் கரைக்கு மீன் பயம் புதிதல்ல

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இங்கே மாதக்கணக்கில் மீன் வாங்காத வீடுகள் உண்டு. சுனாமியில் நாட்டிலேயே அதிகமாக ஆள்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, வடக்கே நாவலடி என்று எந்தக் கரையை எடுத்தாலும், கடல் கொண்டுபோய்த் திருப்பித் தராத உடல்கள் இருந்தன. அந்தக் கடலில் பிடித்த மீனை எப்படித் தின்பது? இது விஞ்ஞானம் தெரியாதவர்களின் மூடப் பயம் என்று அப்போது வெளியிலிருந்து வந்த சிலர் பேசினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. தம்பியைக் கடலில் விட்டவர் பாரை மீனை வெட்ட மறுப்பது நுண்ணுயிர் பற்றிய கணக்கு அல்ல.

ஆனால் அந்த மறுப்பு இன்னொரு பக்கத்தில் உயிர் பிழைத்த மீனவரைத் தாக்கியது என்பதும் உண்மை. வள்ளம் போய், வலை போய், வாடி போய், கடன்பட்டு மறுபடி கடலுக்குப் போனவர் கொண்டுவந்த மீனுக்கு விலை இல்லை. 2005 தொடக்கத்தில் உலக உணவு விவசாய நிறுவனம், பாதிக்கப்பட்ட நாடுகளில் மீனால் நோய் கூடியதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று அறிவித்தது. சரியான தகவல்தான். ஆனால் துக்கத்துக்குத் தகவலால் பதில் சொன்னார்கள். அது காதில் ஏறவில்லை. காலம் போய்த்தான் சரியானது.

இதை இங்கே விரிவாகச் சொல்லக் காரணம், கிழக்குக் கரையில் ‘மீன்’ என்று தொடங்குகிற எந்த எச்சரிக்கையும் வெறும் தரையில் விழுவதில்லை. அடியில் 2004 இருக்கிறது. "மீன் சாப்பிடுவதைத் தவிர்க்கவும்" என்று மூன்று சொல்லில் முடிக்கிற அறிவிப்பு வேறு ஊரில் ஒரு கிழமையில் மறக்கப்படலாம். இங்கே அது மூன்று மாதம் நிற்கும்.

ஒன்பது மாதத்தில் மூன்று தடவை

நியூ டயமண்ட் தீ அடங்கி ஏறக்குறைய ஆறு கிழமையில், கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாத் தொற்று பரவி 2020 ஒக்டோபரில் சந்தை மூடப்பட்டது. தொற்று ஆளுக்கு ஆள் பரவியது. பழி மீனுக்குப் போனது. நவம்பரில் முன்னாள் கடற்றொழில் இராஜாங்க அமைச்சர் திலீப் வெதஆரச்சி செய்தியாளர் மாநாட்டில் ஒரு மீனைப் பச்சையாகக் கடித்துக் காட்டினார். படம் உலகம் முழுக்கப் போனது. சிரித்தவர்கள் அதிகம், மீன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ. ஒருவர் கடித்துக் காட்டுவது ஆறுதல், அது பரிசோதனை அல்ல. அடுத்த தடவை உண்மையிலேயே நஞ்சு கலந்திருந்தாலும் யாராவது ஒருவர் கடித்துக் காட்டத்தான் போகிறார் என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிடும்.

மூன்றாவது, 2021 மே 20இல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்ற சரக்குக் கப்பல். 1,486 கொள்கலன்கள். அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். மேற்குக் கரையில் மீன்பிடி தடை செய்யப்பட்டது. அந்தத் தடை நியாயமானது. அதற்கு இடமும் இருந்தது, காரணமும் இருந்தது. ஆனால் செய்தி அந்த எல்லையோடு நிற்கவில்லை. மேற்கே கப்பல் எரிய, தீவின் மறுபக்கத்தில், வாழைச்சேனையிலும் கல்முனையிலும், இறங்கிய மீனையும் ஆள்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே நாள்களில் பயணக் கட்டுப்பாடும் இருந்தது. வெளியூர் லொறி வருவதும் சுலபமாக இல்லை. இரண்டு அடியும் ஒன்றாக விழுந்தன.

தடை ஒரு கரைக்கு. பயம் முழுத் தீவுக்கும். எச்சரிக்கையை வடிவமைக்கும்போது யாரும் கணக்கில் எடுக்காத தூரம் இது.

எச்சரிக்காமல் விட்டால் என்ன ஆகும்

இவ்வளவும் வாசித்தவர், "அப்படியானால் உறுதியாகத் தெரியும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதே நல்லது" என்று முடிவு கட்டலாம். அப்படி முடிவு கட்டிய ஒரு நாடு உண்டு.

ஜப்பானின் மினமாட்டா குடாவில் சிசோ நிறுவனத்தின் தொழிற்சாலை, அசற்றல்டிகைட் என்ற இரசாயனப் பொருளின் தயாரிப்பில் உண்டான மெதைல் பாதரசத்தைக் கழிவுநீரோடு கடலில் விட்டுவந்தது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து துள்ளிச் செத்தன. பிறகு மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை கால் வழங்காமல் போனது. 1956 மே 1இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. காரணம் குடாவின் மீன்தான் என்ற சந்தேகம் சில மாதங்களிலேயே வந்துவிட்டது. 1957இல் குமமொட்டோ மாகாண நிர்வாகம், உணவுச் சுகாதாரச் சட்டத்தைப் பயன்படுத்தி அந்த மீனை விற்பதைத் தடை செய்யலாமா என்று மத்திய சுகாதார அமைச்சிடம் கேட்டது. அந்தச் செப்டெம்பரில் பதில் வந்தது: குடாவிலுள்ள மீன் எல்லாமே நஞ்சேறியவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது.

அந்தப் பதிலை மறுபடி ஒருதரம் வாசித்துப் பாருங்கள். எல்லா மீனும் நஞ்சு என்று காட்டினால்தான் தடை. ஒரு சந்தையில் பத்துக் கூறில் ஒரு கூறு கெட்டது என்று தெரிந்தால் நம் ஊர்ப் பரிசோதகர் பத்தையும் நிறுத்திவைத்துவிட்டுத்தான் விசாரிப்பார். அங்கே தலைகீழாக நடந்தது. கரிம பாதரசம்தான் (மெதைல் பாதரசம் அந்த வகை) காரணம் என்று குமமொட்டோ பல்கலைக்கழகக் குழு 1959இல் சொன்னது. அரசு அதை ஏற்றுக்கொண்டது 1968 செப்டெம்பரில், தொழிற்சாலை அந்தத் தயாரிப்பை நிறுத்திய பிறகு. 1956இலிருந்து 1968 வரை பன்னிரண்டு வருடமும் "தின்னாமல் இருந்தால் நல்லது" என்ற வாய்மொழியோடு ஆள்கள் விடப்பட்டார்கள். வேறு சோறு கறிக்கு வழியில்லாதவர்கள் தின்றார்கள். 1974இல் குடாவின் வாயிலே வலை கட்டினார்கள். அதை அவிழ்த்தது 1997இல்.

ஆக, உறுதி கிடைக்கும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கான விலையைத் தின்கிறவர் கொடுக்கிறார். நான் சொல்ல வருவது இவ்வளவே: எச்சரிக்கை சீக்கிரம் வரவேண்டும், ஆனால் எல்லையோடு வரவேண்டும். எந்தத் தண்ணீர், எந்த மீன், யாருக்கு, எந்த நாள்வரை என்பது இல்லாவிட்டால் அது அரச முத்திரை குத்திய வதந்தி.

வாவியில் மீன் மிதக்கும் காலை

கப்பல் எப்போதாவதுதான் எரியும். மட்டக்களப்பு வாவியில் மீன் செத்து மிதப்பது அப்படி அபூர்வம் அல்ல. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்த வாவி கடலோடு பேசுவது இரண்டு வாயால்: வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கோட்டைக்கல்லாறு. வெயில் காலத்தில் மணல் மேடு கட்டி வாய் அடைபடும். அப்போது உள்ளே இருப்பது தேங்கிய தண்ணீர்தான். இரண்டு மாவட்டத்தின் வயல் வடிகால், நகரத்து வாய்க்கால், அரிசி ஆலைக் கழிவு, கடைத்தெருக் குப்பை எல்லாம் அதில்தான் இறங்குகின்றன. முதல் மழை வந்தால் மொத்தமாகக் கழுவி உள்ளே தள்ளும்.

உரம் கலந்த தண்ணீரில் பாசி பெருகும். பகலில் பாசி ஒட்சிசனைத் தரும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன் தாங்காது. விடியப்புறம் திரளி மீனும் மணலை மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கும், விடிந்தால் மிதக்கும். இதை நஞ்சு என்று சொல்வது தவறு. ஒருவரும் ஒன்றும் ஊற்றாமலே இது நடக்கும், ஊற்றினாலும் நடக்கும். எது என்று எப்படிப் பிரிப்பது?

ஆய்வுகூடம் வருவதற்கு முன்னால் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது கொஞ்சம் உண்டு. மூச்சு முட்டிச் செத்தால் பெரிய மீன் முதலில் போகும், சின்னது தாங்கும். நேரம் பெரும்பாலும் விடிகாலை. வாய் திறந்திருக்கும், மேலே வந்து தவித்ததைத் தோணிக்காரர் பார்த்திருப்பார். பூச்சிமருந்து போன்ற நஞ்சு என்றால் சின்ன மீன், இறால், நண்டு, தவளை, தண்ணீர்ப் பூச்சி எல்லாம் சேர்ந்து சாகும், பகல் பன்னிரண்டு மணிக்கும் சாகும். மீன் ஒரு பக்கமாகச் சுழன்று துடிக்கும். வாய்க்கால் வந்து விழுகிற இடத்திலிருந்து தொடங்கி ஒரு கோடு போலப் பரவும். இது தீர்ப்பு அல்ல, துப்பு மட்டும். ஆனால் முதல் ஆறு மணித்தியாலத்தில் எந்தச் சொல்லில் எச்சரிப்பது என்று முடிவெடுக்க இது போதும்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். ஊதிப்போன மீனைப் பையில் போட்டு அனுப்பினால் ஆய்வுகூடம் சொல்லக்கூடியது "அழுகியது" என்பது மட்டுமே. வேண்டியது செத்துக்கொண்டிருக்கிற மீன். செவுள் இன்னும் சிவந்திருக்கவேண்டும், அலுமினியத் தாளில் சுற்றி உடனே ஐசில் போடவேண்டும். தண்ணீரைக் கழுவிய கண்ணாடிப் போத்தலில், மீன் சாகிற இடத்தில் ஒன்றும் சாகாத இடத்தில் ஒன்றுமாக எடுக்கவேண்டும். நேரத்தையும் எழுதவேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். மாதிரி போய், வரிசையில் நின்று, அறிக்கை வருவதற்குள் வாவி மறுபடி தெளிந்துவிடும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒட்சிசன் அளவையும் அமில-காரத் தன்மையையும் (pH) அன்றைக்கே அளக்க ஒரு கைக்கருவி போதும். அந்த இரண்டு எண்ணும் அன்று மாலை அறிவிப்பில் இருந்தால் பாதி வதந்தி அடங்கும்.

இனி உண்மையான ஆபத்து. ஒட்சிசன் குறைந்து செத்த மீனில் நஞ்சு இல்லை என்பதால் அதைத் தின்னலாம் என்று ஆகாது. முப்பது பாகை வெயிலில் ஒரு காலை முழுக்க மிதந்த மீன் அது. பாசி நஞ்சு இருந்தால் குடலிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும். அந்த மீன் எங்கே போகிறது? பச்சையாக யாரும் வாங்கமாட்டார்கள். அத்தாங்கில் அள்ளி, உப்பில் போட்டுக் காயவைத்தால் யாருக்கும் தெரியாது. நாலு கிழமைக்குப் பிறகு வேறு ஊர்ச் சந்தையில் கருவாடு. எச்சரிக்கை எழுதுகிறவர்கள் பச்சை மீனையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பரிசோதகர் போய்ப் பார்க்கவேண்டிய இடம் காயப்போட்ட பாய்.

ஒரு வாவியோர ஊரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் வாசிக்க நான் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"இன்று காலை வாவியில் இன்ன பாலத்துக்கும் இன்ன துறைக்கும் இடையில் மீன் செத்து மிதக்கிறது. மிதக்கிற மீனை அள்ளவேண்டாம், கோழிக்கும் போடவேண்டாம், கருவாடும் போடவேண்டாம். அந்த இடத்து மட்டி, நண்டு, இறாலையும் மறு அறிவித்தல்வரை எடுக்கவேண்டாம். இது கடல் மீனைப் பற்றிய அறிவித்தல் அல்ல. கடல் மீன் வாங்கலாம். வாவியின் மற்றப் பக்கத்தில் உயிரோடு பிடித்த மீனும் வாங்கலாம். அள்ளிய மீனைத் தின்று வாந்தி, வயிற்றோட்டம், வாய் விறைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மிச்ச மீனையும் கொண்டுபோங்கள். நாளை மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இதே ஒலிபெருக்கியில் மறுபடி சொல்வோம்."

கடைசி வசனம்தான் முக்கியம். மறுபடி சொல்வோம் என்று நாள் குறிக்காத அறிவிப்பு முடிவதே இல்லை.

"நல்லா வேகவைச்சால் போயிடாதா?"

எந்தக் கூட்டத்திலும் வருகிற கேள்வி. பதில் நஞ்சைப் பொறுத்தது. கழிவுநீரால் வந்த கிருமி என்றால் நன்றாக வெந்தால் போகும். ஆகவே நகரத்து வாய்க்கால் பக்கத்து மட்டியை அரை வேக்காட்டில் தின்பதுதான் தப்பு. பாதரசம் போகாது. அது தசையோடு ஒட்டியிருக்கும், பொரித்தாலும் அவித்தாலும் புளி விட்டாலும் அப்படியே இருக்கும். பேத்தை மீனின் நஞ்சும் போகாது. ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் உண்டாகிற ஹிஸ்டமின் போகாது. தின்று அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து உடம்பு தடிப்பதை நம் ஆள்கள் ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள். கட்மியம் போன்ற பார உலோகங்கள் நண்டின் உள்மஞ்சளிலும் இறால் தலையிலும் அதிகம் சேரும், அதைக் கழித்தால் பெரும்பகுதி குறையும். எண்ணெய் நாற்றம் மசாலாவுக்கு அடங்கலாம், எண்ணெய் அடங்காது.

பாதரசத்தைப் பற்றிப் பேசினால் சுறாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறா வறை கொண்டுபோவது நம் வழக்கம்; பால் சுரக்கும் என்று. சர்வதேச உணவு நியமக் குழு 2018இல் விதித்த எல்லைப்படி சுறாவில் கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் மெதைல் பாதரசம்வரை இருக்கலாம், சூரை இனத்தில் 1.2. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிழமைக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது தாங்கக்கூடிய அளவு. 50 கிலோ எடையுள்ள ஒரு தாய்க்கு இது கிழமைக்கு 80 மைக்ரோகிராம். எல்லையைத் தொட்டு நிற்கிற ஒரு பெரிய சுறாவில் 50 கிராம் தின்றாலே கிழமைக் கணக்கு முடிந்தது. சூடையிலும் நெத்தலியிலும் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தின்னலாம்.

அதற்காகச் சுறா வறையை நிறுத்தச் சொல்லி அம்மாமாரோடு சண்டை பிடிப்பதில் பலன் இல்லை, தேவையும் இல்லை. பாதரசம் வயதோடு ஏறுவது. பால்சுறா என்று விற்கிற சின்னச் சுறாவில் பெரியதைவிடக் குறைவாகவே இருக்கும். "சுறா வேண்டாம்" என்பதைவிட "முழுசாகச் சட்டிக்குள் அடங்குகிற சுறா வாங்குங்கோ, துண்டு வாங்க வேண்டாம்" என்பது கேட்கப்படும். பாதரசம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் எடுக்கும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்களுக்கே மருத்துவமாது இதைச் சொல்லிவைக்கலாம். இந்தப் பாதரசம் நம் வாவியில் யாரோ கொட்டியது அல்ல. உலகம் முழுக்க நிலக்கரி எரித்ததும் தங்கம் அரித்ததும் கடலில் இறங்கிச் சேர்ந்தது. ஆகவே அதற்கு முடிவு நாள் கிடையாது. கப்பல் எண்ணெய்க்கும் வாவி மீன் சாவுக்கும் தருகிற எச்சரிக்கை வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே துண்டுப்பிரசுரத்தில் போட்டால் ஆள்கள் இரண்டையும் எறிந்துவிடுவார்கள்.

திறப்பதும் ஈடு கட்டுவதும்

2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது அமெரிக்கா தன் வளைகுடாக் கடலில் 37 வீதத்தை மீன்பிடிக்கு மூடியது. பிறகு துண்டு துண்டாகத் திறந்தது. ஒவ்வொரு துண்டையும் திறக்குமுன் பயிற்சி பெற்றவர்கள் மீனை மோந்து பார்த்தார்கள், பச்சையாகவும் அவித்தும். அதில் தேறிய மீன்தான் ஆய்வுகூடத்துக்குப் போனது. கடைசித் துண்டு 2011 ஏப்ரலில் திறந்தது. பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிடவேண்டாம். மோந்து பார்க்கிற மூக்குக்குக் காசு இல்லை. நாற்பது வருடம் மீன் வாடியில் நின்ற ஆளுக்கு மண்ணெண்ணெய் நாற்றத்தைப் பிடிக்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தேவைப்படுவது, அவர் மோந்து பார்த்ததை ஒரு படிவத்தில் எழுதிப் பரிசோதகர் கையொப்பம் இடுகிற ஒழுங்கு.

எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டும்படி உத்தரவிட்டது. தடை விழுந்த கரையின் மீனவருக்கு இழப்பைக் காட்டுவது ஒப்பீட்டளவில் சுலபம்: கடலுக்குப் போகவில்லை. தடை எல்லைக்கு வெளியே இருந்த கிழக்கு மீனவர் கடலுக்குப் போனார், பிடித்தார், இறக்கினார், விலைதான் இல்லை. அதை எதை வைத்துக் காட்டுவது? கல்முனையிலும் வாழைச்சேனையிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு கூறு சூடை, ஒரு கிலோ பாரை, ஒரு கிலோ சூரை அன்றைக்கு என்ன விலை போனது என்று ஒரு கொப்பியில் தினமும் மூன்று வரி எழுதி, மாதம் ஒருமுறை கடற்றொழில் பரிசோதகரின் கையொப்பம் வாங்கி வைத்தால், அடுத்த தடவை விலை விழுந்த நாளையும் எவ்வளவு விழுந்தது என்பதையும் அந்தக் கொப்பியை விரித்துக் காட்டலாம்.